மாடிக்கும் கீழுக்கும் ஒரு வயர்

அம்மா, பெரியப்பா வீட்டை அந்தரத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டாயா என்று அப்பா கேட்டாராம். இல்லை. நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், அவருக்கும் தம்பிக்கும் நீயே படித்துக் காட்டு. தம்பிக்கு அந்த வீட்டு விவகாரம் எதுவும் தெரியாது. அதனால் முதலில் இருந்தே வருகிறேன்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே தொழில். ஆனால் பேச்சு கிடையாது. தொழில் ஸ்டிக்கர். கடைகளின் பெயர்ப் பலகை, வேன் பக்கவாட்டில் ஒட்டும் எழுத்து, கதவுகளுக்கு எண். கீழ் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் பெரியம்மா எழுத்துகளை வரைவார். மாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் அதை வெட்டும் மிஷினுக்கு அனுப்பும். பேனா முனை அளவுக்கு ஒரு கத்தி ஸ்டிக்கர் ரோலின் மேல் கிறீச் கிறீச்சென்று ஓடும். அது பெரியப்பாவின் ராஜ்ஜியம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மருத்துவமனைப் பலகை பாதி அளவில் வெட்டி வந்துவிட்டது. நீ தப்பாக வரைந்தாய் என்று அவர். நீங்கள் தப்பாக வெட்டினீர்கள் என்று இவர். அவ்வளவுதான். வேறு ஏதாவது இருந்திருக்கும் என்று நான் முதலில் நினைத்தேன். மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்துவிட்டேன், வேறு எதையும் நான் காணவில்லை.

நான் போவதற்கு முன்னால் அவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிப் படியில் வைப்பார்களாம். நான் போன பிறகு சீட்டு நின்றது. நான்தான் சீட்டு.

காலையில் ஆறு மணியிலிருந்து ஒரு மணி வரை சலவைக்கூடத்தில் துணி மடிப்பேன். விடுதிகளின் படுக்கை விரிப்புகள் இயந்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும். முதல் மாதம் விரல் எரிந்தது. பிறகு விரல் நுனிக்கு எதுவும் தெரியாமல் போய்விட்டது. மதியம் வீட்டுக்கு வந்தால் பெரியம்மா பென் டிரைவை நீட்டுவார். அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். பதினோரு படி. ஐந்தாவது படி முனகும். வெட்டி முடித்ததும் கீழே வருவேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இருக்கும்.

பென் டிரைவோடு பேச்சும் என் கையில்தான் போகும்.

"அந்த ஆளுக்குக் கண்ணு தெரியுதா இல்லையான்னு கேளு. ஓரமெல்லாம் நாய் கடிச்ச மாதிரி இருக்கு" என்பார் பெரியம்மா.

நான் மாடிக்குப் போய், "பெரியப்பா, ஓரம் கொஞ்சம் பிசிறடிக்குதாம். கத்தி மாத்தணுமோன்னு கேக்கறாங்க" என்பேன்.

"கத்தி நல்லாத்தான் இருக்கு. கோடு போடுற கைதான் நடுங்குது. போய்ச் சொல்லு."

கீழே வந்து, "கத்தியப் பார்க்கறாராம் பெரியம்மா" என்பேன்.

பொய் இல்லை. முனையை மட்டும் மழுக்கிவிடுவேன். முதலில் பயந்து பயந்து செய்தேன், இரண்டு பேரும் ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள் என்று. பிறகு பயமும் போய்விட்டது. வாய் தானாக மாற்றிச் சொல்லும், நான் வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் அனுமதிச் சீட்டின் தேதியை.

அந்தத் தேதி உனக்குத் தெரியும். இந்த மாதம் முப்பதோடு நான் இங்கே தங்குவதற்கான அனுமதி முடிகிறது. சலவைக்கூடத்தில் அதற்கான கடிதம் தர மாட்டார்கள். மருந்து மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் ஒரு கம்பெனி, பஸ்ஸில் நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் நகரத்தில், வேலையும் கொடுத்து அனுமதிக்கான கடிதமும் தருகிறேன் என்றது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். போனில் பேசிய அம்மாள் இதை இரண்டு தடவை சொன்னார். அந்த நகரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பஸ்தான், காலை பத்து நாற்பதுக்கு.

இந்த விஷயத்தைப் புதன்கிழமை மாடியிலும் சொன்னேன், கீழேயும் சொன்னேன்.

"போம்மா. நல்ல வேலைன்னா போகத்தான் வேணும்" என்றார் பெரியப்பா. பிறகு கத்தியைத் துடைத்துக்கொண்டே, "பென் டிரைவை யார் கொண்டு வர்றது?" என்றார்.

கீழே பெரியம்மாவும் அதையேதான் கேட்டார். "யார்டி கொண்டு போறது? நான் ஏறி அந்த ஆள் முன்னால போய் நிக்கவா?"

அன்று ராத்திரி அப்பா போனில் சொன்னது உனக்கு நினைவிருக்கும். மூணு வருஷம் சோறு போட்டவங்க, ஒரு ஏற்பாடு பண்ணாம அங்கிருந்து நகராதே என்றார். சரி என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடம் அது என்று மட்டும் தெரிந்தது.

வியாழக்கிழமை மதியம் அடுத்த கதை. மாடிக் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகும் ஓட்டை செத்துப்போனது. அது மிகப் பழைய பெட்டி. வெட்டும் மிஷினின் தடித்த கேபிள் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறாது என்பதால் பெரியப்பா அதைச் சாக விடாமல் வைத்திருக்கிறார். முன்பக்க ஓட்டைகள் இரண்டும் எப்போதோ போய்விட்டன. பின்பக்கம் மிச்சமிருந்த ஒன்று மூன்று வருடமாக நான் செருகிச் செருகியே லொடலொடத்துப் போயிருந்தது. அன்று செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. திருப்பிச் செருகினேன். ஊதிச் செருகினேன்.

"பிளாப்பி போடலாம்" என்றார் பெரியப்பா.

"பிளாப்பி எங்க பெரியப்பா இருக்கு?"

"டிரைவ் இருக்கு பாரு."

"வாய் இருக்கு. போடறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது அறைகளின் கதவு எண்கள் வெட்ட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலையில் ஆள் வந்து வாங்கிப் போவான். பெரியம்மா எல்லாவற்றையும் வரைந்து முடித்துவிட்டார். நாற்பது எண்ணும் கீழே இருக்கின்றன, மேலே வர வழி இல்லை.

பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன் வயர் செருகும் ஓட்டையைவிடக் கொஞ்சம் அகலமாக ஒன்று இருந்தது. தூசி அடைத்திருந்தது. கீழே போய்ப் பெரியம்மாவின் பெட்டியையும் திருப்பினேன். அதிலும் அதே ஓட்டை. இரண்டையும் ஒரு வயரால் இணைத்துவிட்டால் பென் டிரைவும் வேண்டாம், நானும் வேண்டாம்.

அது பெரிய கண்டுபிடிப்பு இல்லை அம்மா. யாருக்கும் தோன்றியிருக்கும். மூன்று வருடமாக எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வருகிற வழியில் பழைய எலெக்ட்ரிக் சாமான் கடையில் இருபது மீட்டர் வயர் வாங்கினேன். கீழ் அறையிலிருந்து படிக்கட்டுக் கைப்பிடியோடு சுற்றி, ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டு போட்டு, மாடிக் கதவின் அடியில் நுழைத்தேன். இரண்டு முனையும் டக்கென்று உட்கார்ந்தன. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரிய வேண்டும் என்று போன் வீடியோவில் பார்த்திருந்தேன். எரியவில்லை. கீழேயும் எரியவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினேன். மேலும் கீழுமாக ஒன்பது தடவை ஏறி இறங்கினேன்.

"என்னாச்சு?" என்று மேலிருந்து பெரியப்பா.

"என்னாச்சு?" என்று கீழிருந்து பெரியம்மா.

படியில் நின்றுகொண்டு இரண்டு பேருக்கும் ஒரே பதிலாக, "விளக்கு எரியல" என்றேன்.

வயரைச் சுருட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்ன கம்ப்யூட்டர், எத்தனை வருஷம் என்று கேட்டார். சொன்னேன்.

"அடடே, ரெண்டுமே கிழடு. புதுசுங்களா இருந்தா அதுங்களே பார்த்துச் சரிபண்ணிக்கும். இதுங்க பண்ணாது. நேர் வயரைப் போட்டா ரெண்டும் ஒரே கம்பியில பேசும், ரெண்டும் இன்னொரு கம்பியில காதை வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டே இருக்கும். ஒண்ணோட வாய் இன்னொண்ணோட காதுக்குப் போகணும் தங்கச்சி."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"ஒரு முனையில மட்டும் ரெண்டு ஜோடிய இடம் மாத்தணும். குடு." ஒரு தலையை வெட்டி எறிந்துவிட்டு எட்டுக் கம்பியையும் விரித்தார். ஆரஞ்சு இருந்த இடத்தில் பச்சை, பச்சை இருந்த இடத்தில் ஆரஞ்சு. புதுத் தலையை வைத்து இடுக்கியால் நறுக்கென்று அழுத்தினார். "எங்க வீட்லயும் இதே கேஸ்தான். ரெண்டு பக்கமும் வாய் மட்டும்தான் வேலை செய்யுது. காதுக்கு யாரும் கனெக்ஷனே குடுக்கல." தானே சொல்லித் தானே சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். கடையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அது தோன்றியது.

மறுபடியும் பதினோரு கட்டு. செருகினேன். மாடியில் பச்சை எரிந்தது. கீழே ஓடினேன். கீழேயும் எரிந்தது.

சனிக்கிழமை சலவைக்கூடத்துக்கு விடுமுறை சொல்லிவிட்டு, வீடியோவைப் பார்த்து எழுதி வைத்திருந்த தாளோடு உட்கார்ந்தேன். இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே குழுப் பெயர் இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். பெரியப்பாவிடம் கேட்டேன்.

"இது மேல் வீடு. மேல்னு வை."

கீழே வந்து, "உங்களோடதுக்குக் கீழ்னு வைக்கட்டுமா பெரியம்மா?" என்றேன்.

பெரியம்மா நாற்காலியோடு திரும்பினார். "அவர் மேலு, நான் கீழா? இந்த வீட்டு வாடகைப் பத்திரத்துல யார் பேர் முதல்ல இருக்குன்னு போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லு."

"சும்மா ஒரு பேருதான் பெரியம்மா."

"சும்மான்னா அவரே கீழ்னு வச்சுக்கட்டும்."

நான் அதை மேலே கொண்டு போகவில்லை. அவருடையதற்கு வெட்டு என்றும் இவருடையதற்கு வரை என்றும் வைத்தேன். இரண்டு பேரும் அவரவர் திரையைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

அடுத்தது எண். பெயர் நமக்கு, எண் அதுகளுக்கு. வீட்டு விலாசம் மாதிரி ஒரு நீள எண். அதில் கடைசிப் பகுதி மட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். வீடியோவில் முதல் கம்ப்யூட்டருக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு என்று போட்டான். மாடியில்தான் முதலில் உட்கார்ந்தேன், அதனால் அவருக்கு ஒன்று. கீழே இரண்டு. யோசிக்கவே இல்லை.

பிறகு மாடியில் ஒரு ஃபோல்டரைத் திறந்துவிட வேண்டும், கீழிருந்து பெரியம்மா அதில் கோப்பைப் போடுவதற்கு. பெரியப்பா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என் கம்ப்யூட்டருக்குள்ள அவ நுழைஞ்சு பார்ப்பாளா?"

"இல்ல பெரியப்பா. இந்த ஒரு ஃபோல்டர் மட்டும்தான். வாசல்ல ஒரு பெட்டி வைக்கிற மாதிரி. போட்டுட்டுப் போயிடுவாங்க."

"வாசலோட சரி. உள்ள வரக் கூடாது."

"வர முடியாது."

அதைத்தான் கீழேயும் சொன்னேன். "யார் போறா அவரோட குப்பைக்குள்ள?" என்றார் பெரியம்மா. ஆனால் என் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் திரையில் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒன்றை ஒன்று கூப்பிட வைத்தேன். நான்கு தடவை கூப்பிடும், அந்தப் பக்கம் இருந்தால் நான்கு தடவை பதில் வரும். கீழிருந்து ஒன்று என்ற எண்ணைக் கூப்பிட்டேன். நான்கு பதில் வந்தது. பெரியம்மா மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் தலையில் கை வைத்தார்.

"என்ன அது, ஒண்ணு ஒண்ணுன்னு வருது?"

"அது பெரியப்பா கம்ப்யூட்டரோட நம்பர்."

"என்னோடது?"

"ரெண்டு."

"ம்" என்றார். பிறகு, "நீ போனப்புறம் ஏதாவது ஆனா என்ன பண்றது? எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி வை. நம்பர் எங்க இருக்குன்னு, எப்படிப் பார்க்கறதுன்னு. தெரிஞ்சு வச்சுக்கறேன்" என்றார்.

நல்லதுதானே என்று இரண்டு பிரதி எழுதினேன், அவரவர் எண்ணோடு, பெரிய எழுத்தில், எங்கே அழுத்த வேண்டும் என்று அம்புக்குறி போட்டு. ஒன்றை மாடியில் ஒட்டினேன், ஒன்றைக் கீழே. அன்று சாயங்காலம் சோதனைக்கு ஒரே ஒரு எண்ணை அனுப்பினார் பெரியம்மா. அறை எண் பதினேழு. மாடிக்கு வந்தது. கத்தி கிறீச்சென்று ஓடியது. பெரியப்பா ஸ்டிக்கரை உரித்து விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மீதியை ஞாயிற்றுக்கிழமை காலையில் நிதானமாக வெட்டலாம் என்றார்.

நான் பெட்டி கட்டினேன். மூன்று வருடம் ஒரு பெட்டியில் அடங்கிவிட்டது, பாதிப் பெட்டி காலி. அடியில் இரண்டு துண்டை மடித்து நிரப்பினேன், சாமான் உருளாமல் இருக்க. படுக்கப் போகும்முன் பச்சை விளக்கு இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பவும் எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வாசலோடு நின்றுகொண்டார். பெரியப்பா மாடி ஜன்னலில். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று இரண்டு பேருமே சொன்னார்கள், ஆளுக்கு ஒரு தடவை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். நெடுஞ்சாலை ஓரமாக பெட்ரோல் போடுகிற இடத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. எல்லோரும் கழிப்பறைக்கு இறங்கினார்கள். போன் அடித்தது. மாடி.

"வரல" என்றார் பெரியப்பா.

"எது வரல?"

"எதுவுமே வரல. என்னமோ கட்டம் கட்டமா சொல்லுது. இதே நம்பரை இன்னொரு கம்ப்யூட்டர் வச்சிருக்காம்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் தாளில் ஆறாவது அம்புக்குறி. பெரியம்மா அங்கே போய் இரண்டை அழித்துவிட்டு ஒன்று போட்டிருக்கிறார். கீழ் கம்ப்யூட்டர் முதலில் எழுந்து ஒன்று நான்தான் என்று உட்கார்ந்துகொண்டது. மேல் கம்ப்யூட்டருக்கு இடம் இல்லை.

"பெரியம்மா நம்பரை மாத்தியிருப்பாங்க" என்றேன். "என்ன போட்டாங்கன்னு கேளுங்க."

"நீ கேட்டுச் சொல்லு."

எதிர்ப்பக்கச் சாலையில் ஒரு பஸ் வந்து நின்றது. நான் வந்த ஊருக்குத் திரும்பும் பஸ். நடுவில் ஒரு நடைபாலம். ஏறி இறங்கினால் பிடித்துவிடலாம். ஒரு மணிக்கு வீட்டில் இருப்பேன். ஐந்து நிமிட வேலை. ஆனால் அதன் பிறகு இன்று எனக்கு பஸ் கிடையாது. நாளை எட்டு மணிக்கு அந்த வாசலில் வேறு யாராவது நிற்பார்கள்.

போகவே வேண்டாம், இங்கிருந்தே பெரியம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு இவரிடம் சொன்னால் போதும் என்றும் தோன்றியது. இரண்டு நிமிடம். ஆனால் நாளைக்கும் கூப்பிடுவார். மாத்திரைப் பெட்டி அடைக்கிற இடத்தில் போன் கையில் வைத்திருக்க விட மாட்டார்கள். நாளை மறுநாளும் கூப்பிடுவார்.

"நான் கேக்க மாட்டேன் பெரியப்பா" என்றேன்.

"ஏன்?"

"பஸ்ல இருக்கேன்."

"பஸ்ல ஏறினா வாயைப் பிடுங்கிடுவாங்களா?"

"வாய் இருக்கு. கேக்க மாட்டேன். நீங்களே கேளுங்க."

நான் அந்த மாதிரி யாரிடமும் பேசியதில்லை அம்மா, உனக்குத் தெரியும். நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தேன். படபடக்கவில்லை. போனைப் பிடித்திருந்த விரல்கள் வேறு யாருடையவோ மாதிரி இருந்தன. எதிர்ப்பக்க பஸ்ஸின் கதவு மூடியது. அது கிளம்பிப் போவதைப் பார்த்தேன்.

போனில் நாற்காலி தரையில் உரசும் சத்தம். பிறகு படி. எண்ணினேன். ஒன்று, இரண்டு. ஏழாவது அடியில் முனகல். மேலிருந்து வந்தால் அந்தப் படி ஏழாவது. அதற்கு மேல் அடிச்சத்தம் இல்லை. அங்கேயே நின்றுவிட்டார்.

"இந்தா" என்றார்.

கீழே ஒரு நாற்காலி நகர்ந்தது.

"இந்தா, உன்னைத்தான். உன் மிஷின்ல என்ன நம்பர் போட்டே?"

"யார் கேக்கறது?" பெரியம்மாவின் குரல் தூரத்தில் கேட்டது.

"யார் கேக்கற மாதிரி இருக்கு? நான்தான்."

"ஆறு வருஷம் கழிச்சு வாயைத் திறந்து கேக்கறது நம்பரா?"

"வேற என்ன கேக்கணும்? வேலை நிக்குது."

"ஒண்ணு."

"அது என்னோட நம்பர்."

"உங்க பேரை எழுதி ஒட்டியிருக்கா அதுல?"

"ஒட்டித்தான் இருக்கு. உன் அருமைப் பொண்ணு அம்புக்குறியெல்லாம் போட்டு ஒட்டிட்டுப் போயிருக்கா."

"அப்ப என் சுவத்துல மட்டும் ஏன் ரெண்டுன்னு ஒட்டினா? நான் எதுக்கு ரெண்டாவது? வரையறது யாரு? வரைஞ்சாத்தானே வெட்ட முடியும்?"

"வெட்டினாத்தான் காசு."

"அளவா வெட்டினா."

இந்த இடத்தில் நான் இருந்திருந்தால் ஏதாவது போட்டு மழுக்கியிருப்பேன். வாய் பழக்கத்தில் அசைந்தது. ஆனால் நான் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. பஸ்ஸுக்குள் ஆட்கள் திரும்பி ஏறத் தொடங்கினார்கள்.

"சரி, மாத்து" என்றார் பெரியப்பா.

"நீங்க மாத்துங்க."

போன் அவர் காதுக்குத் திரும்பி வந்தது. மூச்சு வாங்கியது. "அவ மாத்த மாட்டாளாம்" என்றார் என்னிடம், எனக்கு எதுவும் கேட்காத மாதிரி. "நான் ரெண்டு போட மாட்டேன். ரெண்டை விட்டா வேற என்ன இருக்கு?"

"எது வேணாலும் போடலாம் பெரியப்பா. ரெண்டுல இருந்து இருநூத்தி ஐம்பத்தி நாலு வரைக்கும்."

"மூணு போட்டா ஓடுமா?"

"ஓடும்."

"நூறு போட்டா?"

"ஓடும்."

"அதுக்குன்னு தனியா மரியாதை ஏதாவது உண்டா?"

"நம்பர்ல பெருசு சின்னது ஒண்ணும் இல்ல. வேற வேறயா இருக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப நூறு." படியில் நின்றபடியே கீழே பார்த்துச் சத்தமாகச் சொன்னார், "நான் நூறு போட்டுக்கறேன். நீ அந்த ஒண்ணைக் கட்டிக்கிட்டு அழு."

"நூறா?" என்றார் பெரியம்மா. "நூறு எதுக்கு உங்களுக்கு?"

"கேட்ட ஒண்ணு கிடைச்சிருச்சில்ல. அப்புறம் என்ன?"

அவர் மாடிக்குப் போனார். நான் ஒவ்வொரு அம்புக்குறியாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தேடினார், கண்டுபிடித்தார், நூறை அழுத்தினார். கீழிருக்கும் கம்ப்யூட்டர் பெயரைக் கேட்டுத்தான் தேடும், எண் மாறினால் அதற்குக் கவலையில்லை என்று சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பஸ் கிளம்பியது.

"இப்ப அனுப்பச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னிடம் திருப்பிச் சொல்லுவார் என்று நினைத்தேன், நீ சொல்லு என்று. நாற்காலி உரசியது.

"அனுப்பு!" என்று கத்தினார். நேராகக் கீழே.

"அனுப்பறேன் அனுப்பறேன், காது செவிடா எனக்கு?"

"வந்துருச்சு" என்றார். என்னிடமா, பெரியம்மாவிடமா என்று தெரியவில்லை. போனை மேசையில் வைத்தார். வைத்த சத்தம் கேட்டது. அணைக்க மறந்துவிட்டார். மிஷின் ஓடத் தொடங்கியது, கிறீச் கிறீச்சென்று. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு, மூன்று நிமிடம்.

"இருபதுக்கு மேல எல்லாம் ஓரம் ஒட்டி இருக்கு" என்று கத்தினார் பெரியப்பா. "தள்ளி வரைஞ்சு அனுப்பு."

"தள்ளித்தான் இருக்கு. கண்ணாடியைப் போட்டுப் பாருங்க."

"போட்டுட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப துடைச்சுப் போடுங்க."

அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைக்காதே அம்மா. அப்படி ஒன்றும் இல்லை. நான் மூன்று வருடமாகச் சுமந்தது எல்லாம் இப்போது நேராகப் போகிறது, அவ்வளவுதான். யாருக்கும் அதில் ரத்தம் வரவில்லை. நான் மழுக்கியதெல்லாம் எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அணைக்கும் பொத்தானை நானே அழுத்தினேன்.

சாயங்காலம் அறைக்கு வந்து சேர்ந்ததும் இரண்டு பேருக்கும் செய்தி அனுப்பினேன். மாடியில் இருந்து நாற்பதும் முடிஞ்சுது என்று வந்தது. கீழிருந்து நாற்பதும் சரியா இருக்கு, நானே எண்ணிப் பார்த்தேன் என்று வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணிப் பார்த்திருக்கிறார் என்றால் ஸ்டிக்கர் கீழே வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் மேலே போயிருக்க வேண்டும். எது என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஏழு இருபதுக்கே கம்பெனி வாசலில் நின்றேன். காவலாளி இன்னும் நேரம் இருக்கிறது என்றார். எட்டு மணிக்குப் போனை வாங்கி ஒரு பெட்டியில் போடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நாற்பது நிமிடமும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. சிக்னல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். இருந்தது.